கம்ஷாத் டீச்சரும் தீர்ந்துபோன ஞாபகமும்

எங்கள் கஸாக் நாட்டின் தாராஸ் நகரத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் யாரை நிறுத்திக் கேட்டாலும், கம்ஷாத் டீச்சரிடம் ஒரு தடவையாவது திட்டு வாங்கியவராகத்தான் இருப்பார். வரி முடிவில் அரைப்புள்ளி போடாதவனைப் பார்த்து, "ஏன்டா, உங்க வீட்டுல கதவைத் திறந்து போட்டுட்டுத்தான் தூங்குவீங்களா?" என்று கேட்பாள். பிழை வந்தும் கண்டுகொள்ளாமல் விடுகிறவனை அதற்கு மேல் வறுத்தெடுப்பாள். அவள் சொல்லிக்கொடுக்கும் பாஸ்கல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் அதற்கென்று ஓர் ஏற்பாடு உண்டு. ஆபத்தான வேலையை 'ட்ரை' என்று தொடங்கிச் செய்யச் சொல்லலாம். ஏதாவது ஏடாகூடமானால் வேலை 'எக்ஸெப்ட்' என்ற இடத்துக்குத் தாவி வரும். என்ன ஆயிற்று, இனி என்ன செய்வது என்பதை அங்கே எழுதிவைக்க வேண்டும். சோம்பேறிகள் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். அப்புறம் பிழை வந்ததே யாருக்கும் தெரியாது, எல்லாம் சுகமாக நடப்பதுபோல நடக்கும்.

"பால் பொங்கி அடுப்புல வழியுது. நீ கண்ணை மூடிக்கிட்டா பொங்கலைன்னு ஆயிடுமா? காலி எக்ஸெப்ட் எழுதுறவன் என் வகுப்புல உட்காரக் கூடாது, எந்திரிச்சு ஓடு!" என்பாள். ஓடியவர்கள் பலர் இன்றைக்கு நல்ல நிலைமையில் இருக்கிறார்கள்.

இப்படிப்பட்டவள் தன் வாழ்நாளில் ஒரே ஒரு காலி எக்ஸெப்ட் எழுதினாள். அது போய் அவள் கல்யாணத்திலேயே கை வைத்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

கம்ஷாத்தின் அப்பா ரயில் ஓட்டினார். மகள் அல்மா-அத்தா நகரத்துக்குப் போய்க் கணக்குப் படித்துவிட்டுத் திரும்பி வந்து, ஓர் ஆலையின் கணிப்பொறி மையத்தில் சேர்ந்தாள். ஆலை மூடிய பிறகு இரண்டு குளிர்காலம் சந்தையில் செருப்பு விற்றாள். செருப்புப் பெட்டிகளை அடுக்கி அதன்மேல் ஏறி உட்கார்ந்து பாஸ்கல் புத்தகம் படிப்பாள். யாராவது வந்து அளவு கேட்டால், இந்தப் பக்கத்தை முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்பாள். வியாபாரம் எப்படி நடந்திருக்கும் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் தொழில்நுட்பக் கல்லூரியில் வேலை கிடைத்தது, செருப்பு பிழைத்தது.

பெண் கேட்டு வந்தவர்கள் இல்லாமல் இல்லை. ஒருவன் எதிர்த்துப் பேசாத பெண்தான் வேண்டுமென்றான். "அப்ப ஒரு நாற்காலியைக் கட்டிக்கோ, ராசா," என்று வழியனுப்பினாள். இன்னொருவனைக் குடித்துவிட்டு வந்ததற்காக விரட்டினாள், வேறொருவனைக் குடிக்காமலேயே உளறியதற்காக விரட்டினாள். நாற்பத்தாறு வயதானபோது ஊரே அவளைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டது. ஊர் பேசுவதை விட்ட சமயம் பார்த்து ஒரால்பாய் வந்து சேர்ந்தான்.

ஒரால்பாய் மாட்டு டாக்டர். மனைவி இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அகலமான தோள், பேச்சில் எப்போதும் ஒரு குறும்பு. தடுப்பூசி போட்ட மாடுகளைக் கணக்கு வைக்க ஒரு புரோகிராம் வேண்டும் என்று கல்லூரிக்கு வந்தான். கம்ஷாத் அவனை உட்காரவைத்து விளக்கினாள்.

"ஒரு மாடு செத்துப்போச்சுன்னா அதை எப்படிக் காட்டுறது, டீச்சர்?"

"அந்த இடத்துல 'நில்'னு போடணும். நில்னா அங்க ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்."

"செத்த மாட்டைப் போயி நில்லுன்னா அது எப்படி நிக்கும்? படுத்துருச்சே பாவம்!"

கம்ஷாத் சிரித்துவிட்டாள். வகுப்பறையில் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பதால் வெளியே நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்தப் புரோகிராமை முடிக்க ஒரு வாரம் போதும். ஆனால் இலையுதிர்காலம் வரை இழுத்தடித்தார்கள், இரண்டு பேருமே. மாடுகளுக்கு அவசரம் இல்லை என்றான் அவன், எனக்கும் இல்லை என்றாள் அவள்.

கல்யாணம் என்று பேச்சு வந்தால் எங்களிடம் முதல் கேள்வி ஏழு பாட்டன். தகப்பன் வழியில் ஏழு தலைமுறைக்குள் ஒரே பாட்டன் இருந்தால் அவர்கள் பங்காளிகள், பெண் கொடுக்கல் வாங்கல் கூடவே கூடாது. அந்தப் பரம்பரை வரிசைக்கு ஷெஜிரே என்று பெயர். ஊரில் அதற்கு அதிகாரி ஒமிர்தாய் பெரியவர். அவருடைய மகன் சந்தையோரத்தில் கல்யாண மண்டபம் நடத்துகிறான். மண்டபத்தின் தலைமாட்டில், விருந்தாளிகளின் மரியாதையான இடத்தில், கம்பளம் விரித்த மேஜைமேல் ஒரு கம்ப்யூட்டர் வீற்றிருக்கிறது. அதில் ஷெஜிரே புரோகிராமை எழுதிக் கொடுத்தது வேறு யாருமில்லை, நம் கம்ஷாத்தான். வீடு வீடாகப் போய்ப் பெயர்களைக் கேட்டு உள்ளே ஏற்றியது பெரியவர்.

"ஏழு பாட்டன் பார்த்தாப் போதும், பெரியப்பா. அதுக்கு மேல எதுக்கு மெஷினைப் போட்டு வதைக்கணும்?" என்று கம்ஷாத் அப்போதே சொன்னாள்.

"ஏழோட நிறுத்த இது என்ன கடைக் கணக்கா? மூலபாட்டன் வரைக்கும் போகணும்மா. அதுதான் ஷெஜிரே!" என்றார் பெரியவர். சரி, உங்கள் இஷ்டம் என்று, மேலே தகப்பன் பெயர் கிடைக்கிற வரையில் ஏறிக்கொண்டே போகும்படி எழுதிவிட்டாள். ஒவ்வொரு பாட்டனையும் கண்டதும் நினைவகத்தில் அவருக்கு ஓர் இடம் போட்டு உட்காரவைக்கும். கடைசியில் பெண், மாப்பிள்ளை இருவரின் வரிசையையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும்.

முதல் நாள் ஓட்டிக் காட்டும்போதே ஒரு கூத்து நடந்தது. பெரியவர் கம்பளித் தொப்பி போட்ட கிழவர்களின் படங்களையெல்லாம் உள்ளே திணித்து வைத்திருந்தார், ஒவ்வொன்றும் சுவரளவு. நினைவகம் நிரம்பி எக்ஸெப்டுக்கு வேலை போய், திரையில் ஒரு செய்தி வந்தது. எல்லாப் புரோகிராமும் கஸாக் மொழியில் பேச வேண்டும் என்று உத்தரவு வந்திருந்த காலம் அது. மெஷினின் நினைவகத்துக்கும் மனுஷனின் ஞாபகத்துக்கும் எங்களிடம் ஒரே சொல்தான். கம்ஷாத் மரியாதைக்கு ஒரு 'உங்கள்' வேறு சேர்த்திருந்தாள். கூடியிருந்த ஊர்ப் பெரியவர்கள் முன்னால் ஒமிர்தாய் உரத்த குரலில் வாசித்தார்:

"உங்கள் ஞாபகம் தீர்ந்துவிட்டது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெரியவர் முகம் சிவந்தது.

"யாருக்கு ஞாபகம் தீர்ந்துபோச்சு? எனக்கா? பதினாறு பாட்டன் பேரை ஒரே மூச்சுல சொல்றவன் நான்! கேக்கறியா?" என்று மெஷினைப் பார்த்துக் கத்திவிட்டு, அங்கேயே ஒப்பிக்க ஆரம்பித்தார். பதினோராவது பாட்டனில் போய் நின்றுவிட்டார். கோபத்தில்தான் மறந்துவிட்டது என்று எல்லோரும் ஒருமனதாக ஒத்துக்கொண்டார்கள்.

"இந்தப் பேச்சு இனிமே இது வாயிலிருந்து வரக் கூடாது," என்று கம்ஷாத்துக்கு உத்தரவு போட்டார். அவளுக்கும் அன்றைக்கு அவசரம். படங்களைச் சிறிதாக்கினாள். இனிமேல் நினைவகம் எதற்கு நிரம்பப்போகிறது என்ற நினைப்பில் அந்தச் செய்தியை அழித்தாள். அழித்த இடத்தில் வேறெதுவும் எழுதவில்லை. ஆக, 'எக்ஸெப்ட்' என்று ஒரு சொல், அடுத்த வரியில் 'எண்ட்' என்று ஒரு சொல், நடுவில் வெறும் வெள்ளை.

இன்னொன்றும் செய்திருந்தாள். தேடலைத் தொடங்கும் முன்பே, ஒரு பாதுகாப்புக்காக, பதிலைப் 'பங்காளி' என்று வைத்துவிடுவாள். தேடி முடித்து உறவில்லை என்று உறுதியானால்தான் பதில் மாறும். சந்தேகம் வந்தால் கல்யாணம் வேண்டாம் என்பது அவள் எண்ணம். தனக்கே கல்யாணம் வருமென்று அப்போது அவள் எங்கே நினைத்தாள்!

நிச்சயம் பேச ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு வீட்டாரும் மண்டபத்தில் கூடினார்கள். ஒரால்பாயின் அம்மா உல்துகான், கைத்தடியை முழங்காலில் சாய்த்துவைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள். எண்பதைத் தொடப்போகிறவள். கம்ஷாத்தை ஏற இறங்கப் பார்த்தாள், அவள் ஊற்றிய தேநீரைக் குடித்தாள். நல்லதென்றும் சொல்லவில்லை, கெட்டதென்றும் சொல்லவில்லை. இன்னொரு கிண்ணம் மட்டும் கேட்டாள். கம்ஷாத்துக்கு அதுவே வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஒமிர்தாய் இரண்டு பெயரையும் அடித்து, பொத்தானை அமுக்கினார். மெஷின் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. போட்டது, போட்டுக்கொண்டே இருந்தது. தட்டில் இருந்த, எண்ணெயில் பொரித்த பவுர்சாக் உருண்டைகள் தீர்ந்து மறுபடியும் கொண்டுவந்து வைத்தார்கள்.

"யோசிக்குது பாருங்க," என்றார் ஒமிர்தாய் பெருமையாக. "அவசரப்பட்டுப் பேசாது. ஒவ்வொரு பாட்டனையும் எழுப்பி உட்காரவெச்சு விசாரிக்குது."

எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். கம்ஷாத் மட்டும் உதட்டைக் கடித்தாள். இத்தனை நேரம் ஆகக் கூடாதே!

கடைசியில் கரகரப்பு நின்றது. பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்:

"பங்காளி. சம்பந்தம் கூடாது."

உல்துகான் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் தொழுகிறவள்போல முகத்தைத் தடவிக்கொண்டாள். பங்காளிப் பெண்ணை மருமகளாக நினைத்து அவள் கையால் தேநீர் வாங்கிக் குடித்தோமே என்ற பயம் அவளுக்கு.

"இல்ல பெரியப்பா, எங்கயோ தப்பு இருக்கு," என்றாள் கம்ஷாத்.

"தப்பா? யாரு எழுதினது? நீதானே? சத்தியமாத் தப்பு வராதுன்னு மார் தட்டினது யாரு?"

"ஊருக்கு வந்தா தீர்ப்பு, தனக்கு வந்தா தப்பாக்கும்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அத்தனை வருஷம் அத்தனை பேரைத் திட்டியவள் மண்டபத்தை விட்டு வெளியே போனாள்.

வெளியே, காரோரம், ஒரால்பாய் தொப்பியைக் கையில் பிடித்துத் திருகிக்கொண்டு நின்றான்.

"தூக்கிட்டு ஓடிடவா? பழைய வழக்கந்தானே."

"என்னைத் தூக்கினா உங்க முதுகு போயிடும், டாக்டர்."

"மாட்டையே தூக்கியிருக்கேன்."

"போதும், ஒப்பிட்டது!" என்று சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போனால் உல்துகான் அவர்கள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டாள் என்பது இருவருக்கும் தெரியும். அம்மாவை விட்டுவிட்டு அவனும் வரமாட்டான், அப்படி வந்தால் இவளுக்கும் பிடிக்காது. இந்த மனுஷன் தனக்கு எவ்வளவு வேண்டியவன் என்பது கம்ஷாத்துக்கு அந்தக் காரோரத்தில்தான் முழுசாகத் தெரிந்தது. அதுவும் தன் கையால் எழுதிய புரோகிராமே தட்டிப் பறித்த பிறகு! ஆத்திரமும் அவமானமுமாக வந்தது.

மறுநாள் காலை கல்லூரியில் புரோகிராமைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு வந்தவள், அந்த வெள்ளை வரிக்கு வந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! கம்ஷாத்! நீ என் வகுப்புல உட்காரக் கூடாது, எந்திரிச்சு ஓடு!" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள்.

காலி எக்ஸெப்ட் என்ற அந்த வாய்ப்பூட்டை எடுத்துவிட்டு ஓட்டியதும் பிழை தன் பெயரைச் சொன்னது: நினைவகம் தீர்ந்துவிட்டது. ஆக, மெஷின் யோசிக்கவும் இல்லை, எந்தப் பாட்டனையும் விசாரிக்கவும் இல்லை. பாதி வழியில் மூச்சுத் திணறி விழுந்திருக்கிறது. விழுந்ததை யாரிடமும் சொல்ல வழியில்லாமல், முன்கூட்டியே வைத்திருந்த 'பங்காளி'யை அப்படியே நீட்டிவிட்டது.

ஆனால் ஏன் தீர்ந்தது? அதைத் தெரிந்துகொள்ள, விழுகிற நேரத்தில் யார் யாரை உட்காரவைத்திருந்தது என்று அச்சடித்துக் காட்ட வேண்டும். அங்கேதான் சிக்கல். அச்சடிக்கவும் நினைவகம் வேண்டும், அதுதானே தீர்ந்துவிட்டது! பாஸ்கலில் புரோகிராம் எழுத அவள் வைத்திருந்த டெல்ஃபி என்ற கருவியை உண்டாக்கியவர்கள் விவரமானவர்கள். தீர்ந்துவிட்டது என்ற ஒரு பேச்சைச் சொல்வதற்கு மட்டும் தேவையான இடத்தை ஆரம்பத்திலேயே எடுத்து வைத்திருப்பார்கள். அதற்கு மேல் பேச வேண்டுமென்றால் நாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியதுதான்.

கம்ஷாத் யோசித்தாள். குளிர்காலத்துக்கு ஆடுமாடு வெட்டும்போது, வீட்டில் எவ்வளவு பசியென்றாலும் தொடாமல், வரப்போகும் உறவுக்கென்று எங்கள் வீடுகளில் ஒரு பங்கு இறைச்சியை எடுத்துவைப்பார்கள். அதற்குச் சிபாகா என்று பெயர். அதே மாதிரி, புரோகிராம் தொடங்கும்போதே நினைவகத்தில் ஒரு பெரிய துண்டைச் சும்மா பிடித்துவைத்தாள். அந்தத் துண்டுக்குச் சிபாகா என்றே பெயரும் வைத்தாள். எல்லாம் தீர்ந்து எக்ஸெப்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சிபாகாவை விடுவி, கிடைத்த இடத்தில் பட்டியலை அச்சடி என்று எழுதினாள்.

காகிதம் வந்தது. ஒரால்பாய். அவன் தகப்பன் எஸ்தாய். எஸ்தாயின் தகப்பன் மிர்ஸா. மிர்ஸாவின் தகப்பன் சகாத். சகாத்தின் தகப்பன் எஸ்தாய். எஸ்தாயின் தகப்பன் மிர்ஸா. மிர்ஸாவின் தகப்பன் சகாத். அப்புறம் எஸ்தாய், அப்புறம் மிர்ஸா... காகிதம் தீரும்வரை செக்கு மாடு மாதிரி இதுவேதான். கம்ஷாத் போனை எடுத்தாள்.

"டாக்டர், உங்க அப்பாவைப் பெத்தவர் பேரு என்ன?"

"கொய்பகார்."

"அப்ப மிர்ஸா யாரு?"

"எங்க சகாத் அண்ணனோட கடைக்குட்டி. இப்பத்தான் ஒண்ணாம் வகுப்பு சேர்ந்திருக்கான். ஏன்?"

"அவன்தான் உங்க தாத்தாவாம். மெஷின் சொல்லுது."

"அதான் போன வாரம் அவ்வளவு அதிகாரமா மிட்டாய் கேட்டானா!" என்றான் ஒரால்பாய்.

நடந்தது இதுதான். எங்கள் பக்கத்து மருமகள்கள் புருஷன் வீட்டுப் பெரியவர்களின் பெயரைச் சொல்ல மாட்டார்கள், செத்தாலும் சொல்ல மாட்டார்கள். ஆளுக்கு ஒரு செல்லப் பெயர் வைத்து அதைத்தான் சொல்வார்கள். உல்துகான் மருமகளாக வந்த நாளிலிருந்து தன் மாமனாரை மிர்ஸா, அதாவது துரை என்றே சொல்லிவந்தாள். ஒமிர்தாய் பெயர் கேட்டு வீட்டுக்குப் போனபோது ஒரால்பாய் மேய்ச்சல் நிலத்தில் இருந்தான். "உன் மாமனார் யாரு?" என்று பெரியவர் கேட்க, "எங்க மிர்ஸாதான்," என்று உல்துகான் சொல்ல, பெரியவர் அப்படியே அடித்தார். இந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு மிர்ஸா இருக்கிறார், அவர்தானா என்று புரோகிராம் ஒழுங்காகத்தான் கேட்டது. பெரியவர் 'ஆம்' என்று அமுக்கினார். பேரனே எஸ்தாய்க்குத் தகப்பனாகிவிட, மேலே ஏறுகிற வழி முடிவில்லாத வட்டமானது. எதைக் கேட்டாலும் 'ஆம்' என்று அமுக்குவதுதான் அவர் வழக்கம். 'இல்லை' என்றால் மெஷின் கோபித்துக்கொள்ளும் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

கம்ஷாத் காகிதத்தோடு மண்டபத்துக்குப் போனாள். பெரியவர் அதைத் தலைகீழாகப் பிடித்து வாசித்துவிட்டு, "மாத்த முடியாது," என்றார்.

"ஏன் பெரியப்பா?"

"ஒரு பய தாத்தனை மாத்திட்டு கான் ராஜாவோட வம்சத்துல ஏறி உட்கார்ந்தானே, மறந்துட்டியா? அன்னைக்கே சட்டம் போட்டேன். பேரு சொன்ன வாய்தான் பேரை மாத்தணும், அதுவும் சபையில. இல்லாட்டி எதிர்த்தரப்பு சபையில சொல்லணும். மாப்பிள்ளை சொன்னா செல்லாது, அவன் கல்யாண ஆசையில யாரை வேணும்னாலும் தாத்தாம்பான்."

சரியென்று அடுத்த ஞாயிறும் கூடினார்கள். போன வாரம் வராதவர்களும் வந்திருந்தார்கள், வேடிக்கை பார்க்கக் காசா பணமா. கம்ஷாத் எழுந்து நின்றாள்.

"போன வாரம் மெஷின் யோசிக்கலை. முடியாம விழுந்துடுச்சு. விழுந்தா வாயைத் திறந்து சொல்லவிடாம அதோட வாயைக் கட்டினது நான்தான். தப்பு என்னோடது. இப்ப கட்டை அவுத்துட்டேன். தப்பா விழுந்த பேரை மட்டும் சரிபண்ணணும்."

பெரியவருக்குத் தன் பெயர் அடிபடாததில் பரம நிம்மதி. தொண்டையைக் கனைத்துக்கொண்டு உல்துகானிடம் திரும்பினார்.

"சொல்லும்மா. உன் மாமனார் பேரு?"

உல்துகான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "எங்க மிர்ஸா..."

"மிர்ஸா பள்ளிக்கூடத்துல இருக்கான்! உண்மைப் பேரைச் சொல்லு."

"அதுங்க... அந்த... மே மேன்னு கத்துமே..."

"ஆடு!" என்று சபையே சொன்னது. அவர் பெயர் கொய்பகார், ஆடு மேய்ப்பவன் என்று பொருள், அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"ஆங், அதை... பார்த்துக்கறவரு. கூட்டிக்கிட்டுப் போய் புல்லு காட்டி..."

"ஆட்டுக்காரர்னு போட்டுடவா?" என்றார் பெரியவர்.

"ஐயோ, வேண்டாம்! அவர் காதுல விழுந்தா என்ன நினைப்பாரு?" அவர் போய் ஐம்பது வருஷம் ஆகிறது. சபை விழுந்து விழுந்து சிரித்தது. கிழவி சிரிக்கவில்லை. வாயைத் திறந்தாள், மூடினாள். பெயர் வரவில்லை.

"சரி, விடு," என்றார் ஒமிர்தாய் அலுப்போடு. "கம்ஷாத், நீ எதிர்த்தரப்புதானே? நீ சொல்லு, செல்லும். உனக்கென்ன தடை? நீ இன்னும் அந்த வீட்டு மருமக இல்லையே."

கம்ஷாத் கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள். திரையில் எஸ்தாயின் தகப்பன் என்ற கட்டம் காலியாகக் கிடந்தது. ஒரு பெயர், சில எழுத்துகள், அவ்வளவுதான். அடித்தால் மறு நிமிஷம் கல்யாணம். அவளோ அறிவியல் படித்தவள், இந்தப் பழக்கத்தையெல்லாம் எத்தனையோ தடவை கேலி செய்தவள். விரலைத் தூக்கினாள். பக்கத்தில் உல்துகான் தலையைக் குனிந்து, கைத்தடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அடி வாங்கப்போகிறவள் மாதிரி. கம்ஷாத்துக்கு விரல் இறங்கவில்லை.

"நான் சொல்ல மாட்டேன், பெரியப்பா," என்றாள்.

"என்னது?"

"சொல்லவும் மாட்டேன், அடிக்கவும் மாட்டேன். அது எங்க மாமனாரைப் பெத்தவர் பேரு."

"அடி பைத்தியக்காரி! சொல்லாட்டி அவர் எப்படி உனக்கு மாமனாரைப் பெத்தவர் ஆவாரு?"

"அது எனக்குத் தெரியாது. என்னால முடியாது."

ஒரால்பாய் தொப்பியை மூஞ்சியில் கவிழ்த்துக்கொண்டான். சிரிக்கிறானா அழுகிறானா என்று யாருக்கும் தெரியவில்லை. சபை ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தது. இப்படியும் ஒரு கிறுக்கு உண்டா, காரியம் கைக்கு வந்த நேரத்தில் என்று ஒரு பக்கம், சரியாத்தான் சொன்னா என்று இன்னொரு பக்கம்.

அந்த இரைச்சலுக்கு நடுவில் கைத்தடி தரையில் ஓங்கி விழுந்தது. உல்துகான் எழுந்து நின்றிருந்தாள்.

"அந்தப் பொண்ணு வாயை எதுக்குய்யா புடுங்குறீங்க? அவ சொல்ல வேண்டாம். எழுதிக்கோ, ஒமிர்தாய்!" என்றாள். மூச்சை இழுத்தாள். "கொய்பகார்!"

சத்தம் மண்டபத்தின் கடைசிச் சுவர்வரை போய் மோதியது. ஒமிர்தாய் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்து, பொத்தானை அமுக்கினார். அமுக்கிய விரலை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது: பங்காளி இல்லை. சம்பந்தம் செய்யலாம். சபை ஹோவென்று கூவியது, யாரோ வழக்கப்படி மிட்டாய்களை அள்ளி வீசினார்கள்.

உல்துகான் அதையெல்லாம் பார்க்கவில்லை. தொப்பென்று உட்கார்ந்து, முக்காட்டின் நுனியால் வாயைத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

"நாக்கெல்லாம் எரியுது," என்றாள். "தண்ணி கொண்டா, மருமகளே."

கம்ஷாத் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள்.